வறுத்த ரவையில் ஒரு பிரமிட்

பங்குச் சுவாமியார் ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்லும் பழக்கம் விக்ரோறியாவின் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. மன்னாரில் அவள் பிறந்த வீட்டில் சுவாமியார் வாசலுக்கு வந்து கேட்டால் முதலில் "ஓம் சுவாமி" என்பார்கள். கேட்ட பொருள் வீட்டில் இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் தேடுவார்கள். அந்தப் பழக்கம் அவளோடு விமானம் ஏறி நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கும் வந்துவிட்டது. அதனால்தான் 1987ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு மூன்று வாரம் இருக்கையில், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நின்ற நேரம், ஹில்ஸ்பரோப் பங்கின் வெள்ளைக்காரச் சுவாமியார் "இந்த வருடம் பாலன் குடிலை உங்கள் வீட்டார் வைத்துத் தர முடியுமா?" என்று கேட்டபோது, அவளுடைய வாய் அவளைக் கேளாமலே பதில் சொல்லிவிட்டது.

"யெஸ் பாதர். என் கணவர் செய்வார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய கணவர் கிளெமென்ட் அந்தக் கோயிலின் வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை.

மன்னாரில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கட்டுக்கரைக் குளத்தின் அணையில் எந்த இடத்தில் எந்த மாரிக்கு மண் சரியும் என்பது அவருக்கு மனப்பாடம். கமக்காரரோடு வரப்பில் குந்தியிருந்து மணிக்கணக்காகக் கதைப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தக் கதைகளை விக்ரோறியாவுக்குத் திரும்பவும் சொல்லுவார். ஒருநாள் காலையில் வேலைத்தளத்துக்குப் புறப்பட்டுப் போன அவருடைய உதவியாளன் ஜெயரட்ணம் திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. அந்தப் பெடியனுக்கு என்ன நடந்ததென்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அன்றோடு கிளெமென்ட்டின் கதையும் நின்றுபோயிற்று.

ஒக்லாந்தின் மாசி என்ற பகுதியில் இருந்த விக்ரோறியாவின் தமையன் எட்வேட் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, விசா எடுத்து, இருவரையும் கூப்பிட்டுக்கொண்டான். விக்ரோறியாவுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. கிளெமென்ட் ஒரு தொழிற்சாலைக்குச் சில காலம் போய், பிறகு நின்றுவிட்டார். ஆட்கள் வந்தால் எழுந்து அறைக்குள் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் "எனக்கும் சேர்த்துக் கும்பிட்டிட்டு வாரும்" என்பார். கோபக்காரர் இல்லை, சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. ஆனால் பக்கத்தில் இருந்துகொண்டே ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துபோவதை நாளும் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமா? எங்கே இவர் ஒரேயடியாக உள்ளுக்குள்ளேயே தங்கிவிடுவாரோ என்பதுதான் விக்ரோறியாவின் பயம். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவள் அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மெல்லச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, பாதர் குடில் வைக்கக் கேட்டவர். நான் ஓமெண்டிட்டன்."

"ஆரைக் கேட்டு ஓமெண்டனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. வாயிலை வந்திட்டுது."

அவர் எழுந்து அறைக்குள் போனார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவளுக்கு உதவிக்கு வந்தவன் அடுத்த வீட்டுச் சோதிலிங்கம். யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. மரக்கறி மொத்தச் சந்தையில் வேலை. சொந்தமாக ஒரு பழைய வான் வண்டியும், எதற்கும் பின்வாங்காத வாயும் வைத்திருந்தான்.

"குடில்தானே அக்கா? விடுங்கோ. ஊரிலை எங்கடை வைரவர் கோயிலிலை சாமி வலம் வர உசரச் சப்பறம் கட்டின கை இது. வேலனுக்குக் கட்டினா என்ன, மாதாவின்ரை பிள்ளைக்குக் கட்டினா என்ன?"

"வைரவர் கோயிலெண்டு சொல்லிப்போட்டு வேலனெண்டுறாய்."

"ஒரே குடும்பந்தானே அக்கா. என்ன கட்டோணும் சொல்லுங்கோ."

விக்ரோறியாவுக்குக் குடில் என்றால் ஒரு தேசம். அவளுடைய ஊர்க் கோயிலில் நத்தார் வந்தால் ஒரு பக்கப் பீடம் முழுவதும் குடிலாகிவிடும். நடுவில் பெத்லகேம் மலை. மேலே ஏரோது அரசனின் மாளிகை. மூன்று அரசர் வரும் பாதை. கடைசி மூலையில் எகிப்து. ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் அறிந்து, சூசையப்பர் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக ஓடிப்போன தேசம். சின்ன வயதில் அவள் அந்த மூலையைக் கவனித்ததேயில்லை. இந்த வருடம் அந்த மூலைதான் அவள் மனதில் நின்றது.

"எகிப்தைப் பெரிசாச் செய்வம், சோதி. பிரமிட் ஒண்டு இருக்கோணும். அதுக்குக் கீழை திருக்குடும்பம்."

சோதிலிங்கம் சந்தையிலிருந்து அப்பிள் வரும் மட்டைப் பெட்டிகளை வான் நிறையக் கொண்டுவந்தான். விக்ரோறியா கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். கராஜில் வேலை தொடங்கியது. அங்கே டிசம்பர் கோடை மாதம், இரவு ஒன்பது மணி வரையும் வெளிச்சம். கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கிளெமென்ட் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். சோதிலிங்கம் பெட்டிகளை வெட்டி அடுக்க அடுக்க, பிரமிட் நெட்டையாக வளர்ந்து, இடுப்பில் சிறுத்து, கூரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை பின்னேரம் கதவு திறந்தது.

"சோதி, உது பிரமிட் இல்லை. சப்பறம்."

சோதிலிங்கம் கத்தரிக்கோலோடு நிமிர்ந்தான். கிளெமென்ட் தன்னோடு இவ்வளவு நீளமாகக் கதைத்து அவன் கேட்டதில்லை. ஆனாலும் அவன் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் ஒரு நல்ல குணம்தான்.

"அப்ப எப்பிடி அண்ணை வரோணும்?"

"சரிவு பிழை. குளக்கட்டெண்டாலும் பிரமிட்டெண்டாலும் சரிவுதான் சீவன். ஏழு கையகலம் மேலை ஏறினா அஞ்சரைக் கையகலம் உள்ளுக்கு வரோணும். எகிப்துக்காரரும் எங்களை மாதிரி முழத்தாலையும் கையாலையுந்தான் அளந்தவை."

"இதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?"

"வேலை பழகேக்கை ஒரு பழைய புத்தகத்திலை கிடந்தது. உதைக் கழட்டு. அடியிலிருந்து வருவம்."

கழற்றினார்கள். அடுத்த நாள் விக்ரோறியா வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்குப் போய், எகிப்தைப் பற்றிப் படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, கராஜில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கையில் கிளெமென்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு கராஜுக்குள் பேச்சுச் சத்தம் ஓயவில்லை. அடித்தளம் ஒரு மயிரளவு பிசகினாலும் உச்சி ஒன்றுசேராது என்று கிளெமென்ட் நீர்மட்டக் குழாய் வைத்துத் தரையைப் பார்த்தார். முதல் வரிசை அடுக்கி மூலைவிட்டம் பிடித்தார். சோதிலிங்கம் பெட்டிகளை வெட்டிக்கொண்டே கேள்வி கேட்பான்.

"அண்ணை, அடிமையளைச் சவுக்காலை அடிச்சுத்தானே உதெல்லாம் கட்டுவிச்சவை?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. மோசேயின்ரை சனம் கட்டினதெண்டும் கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். மோசே பிறக்க எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்தியே உது நிண்டது. வருசா வருசம் ஆறு பெருகி வயலெல்லாம் தண்ணி. கமக்காரனுக்கு வேலையில்லை. அந்த நேரம் அவங்கள் வந்து கல்லிழுத்தவங்கள். பாணும் வெங்காயமும் பியரும் அரசாங்கத்தின்ரை."

"பியருமோ? அப்ப நானும் வந்திருப்பன்."

"நீ வந்திருந்தா இண்டைக்கும் முடிஞ்சிராது."

சமையலறையில் ரவை வறுத்துக்கொண்டிருந்த விக்ரோறியா கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள். அவர் பகிடி விட்டு எத்தனை காலம். ரவை கொஞ்சம் கருகிவிட்டது. அது சாப்பிட அல்ல, பாலைவன மணலுக்கு. சோதிலிங்கம் முதலில் மூரிவாய்க் கடற்கரைக்குப் போய் வாளி வாளியாக மணல் அள்ளி வந்திருந்தான். அந்தக் கரையின் மணலோ கரிக் கறுப்பு. "உது எகிப்து இல்லை, அடுப்படி" என்று கிளெமென்ட் தள்ளிவிட்டார். அதன் பிறகுதான் விக்ரோறியாவுக்கு ரவை நினைவு வந்தது. பசை பூசிய மட்டையில் வறுத்த ரவையைத் தூவினால், படத்தில் இருந்த அதே பாலைவன நிறம். கருகிய ரவையும் வீணாகவில்லை. நிழல் விழும் பக்கத்துக்கு அதையே தூவினார்கள். மிஞ்சிய மட்டையில் சோதிலிங்கம் ஓர் ஒட்டகத்தையும் வெட்டியெடுத்தான்.

ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது அவள் கேட்டாள்:

"ஒரு மனிசன் செத்துப் படுக்கிறதுக்கு இவ்வளவு கல்லோ? பாவமில்லையே?"

கிளெமென்ட் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"எனக்கும் முதல் அப்பிடித்தான் பட்டது. குளம் கட்டின ராசாவாலை சனம் சோறு தின்னுது, கல்லறை கட்டின ராசாவாலை என்ன பிரயோசனமெண்டு. ஆனா அவைக்கு அது கல்லறை மட்டுமில்லை, விக்ரோறியா. மேலை போற படி. ராசா வானத்துக்கு ஏறிச் சூரியனோடை சேர்ந்தாத்தான் ஆறு பெருகும், வயல் விளையும், தங்கடை பிள்ளையளுக்குச் சாப்பாடு கிடைக்குமெண்டு நம்பினவை. அவை இழுத்த கல்லு அவையின்ரை பிள்ளையளுக்குந்தான்."

"அந்த ராசா மேலை ஏறிப் போனார். எங்கடை ராசா கீழை இறங்கி வந்தவர்" என்றாள் விக்ரோறியா. "வந்து, இருக்க இடமில்லாமல், அந்த ராசாவின்ரை படியடியிலை ஒதுங்கினவர்."

சோதிலிங்கம் தலையை ஆட்டினான். "அக்கா பிரசங்கம் வைக்கலாம்."

"போடா."

உச்சிக்கு முந்திய வரிசைகளை ஒட்டுவதற்கு முன், கிளெமென்ட் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். பெரிய பிரமிட்டுக்குள் அரசனின் அறைக்கு மேலே, ஒருவரும் போகாத இருட்டறைகளுக்குள், கல்லிழுத்த கூட்டத்தார் சிவப்பு மையால் தங்கள் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். கூஃபு என்பது அந்த அரசனின் பெயர். 'கூஃபுவின் கூட்டாளிகள்' என்று எழுதியிருந்தார்களாம்.

"ஆரும் பாக்காத இடத்திலை எழுதி என்ன லாபம்?" என்றான் சோதிலிங்கம்.

"இருக்கட்டுமே. கட்டினவனுக்குத் தெரியும்."

"கடவுளுக்கும் தெரியும்" என்றாள் விக்ரோறியா.

சோதிலிங்கம் உடனே சிவப்பு மார்க்கர் எடுத்துத் தன் பெயரை ஒரு மட்டைக் கல்லில் கொட்டை எழுத்தில் எழுதினான். விக்ரோறியா தன் பெயரைச் சின்னதாக எழுதினாள். கிளெமென்ட் பேனாவை வாங்கிச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: ஜெயரட்ணம்.

விக்ரோறியா பசைச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவன் இருந்திருந்தா உச்சிக்கல்லைத் தான்தான் வைப்பனெண்டு நிண்டிருப்பான்" என்றார் கிளெமென்ட். அந்தக் கல்லை நடுவில் வைத்துச் சுற்றிவர மற்றக் கற்களை அடுக்கினார். மூடி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "இடியப்பம் இருக்கோ? பசிக்குது" என்றார்.

சனிக்கிழமை காலை பிரமிட் தயார். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த அகலம்; சோதிலிங்கத்தின் இடுப்பளவு உயரம். மூன்று துண்டாகக் கழற்றி வானில் ஏற்றினார்கள். கிளெமென்ட் வெள்ளைச் சேர்ட்டை மினுக்கிப் போட்டிருந்தார். தானாகவே முன் சீற்றில் ஏறினார். விக்ரோறியா பின்னால் எகிப்துக்கு நடுவே குந்தியிருந்து வழிநெடுக மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனாள்.

கோயிலில் சுவாமியார் இல்லை. நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தார். பீடங்களுக்குப் பூ வைக்கும் மிஸிஸ் டொனலி என்ற முதிய வெள்ளைக்கார அம்மா மட்டும் இருந்தா. விக்ரோறியாவும் கிளெமென்ட்டும் முதலில் உள்ளே போனார்கள்.

"ஓ, குடிலுக்கு வந்தீர்களா?" என்று அந்த அம்மா முகம் மலரக் கூட்டிக்கொண்டு போனா. "மேசை அதோ. விரிப்பைத் தோய்த்து வைத்திருக்கிறேன். சிலைகள் இந்தப் பெட்டிக்குள். ஐந்து நிமிட வேலைதான்."

அது ஒரு சின்ன மேசை. இரண்டு கோப்பையும் ஒரு தேநீர்ப் பாத்திரமும் வைக்கலாம். பெட்டிக்குள் சாண் உயரத்தில் மாதா, சூசையப்பர், பாலன், ஓர் இடையன், ஒரு மாடு, காது உடைந்த ஒரு கழுதை.

விக்ரோறியாவுக்கு ஒரே கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஊரில் குடில் என்றால் இவ்வளவுதான். சுவாமியார் கேட்டதும் இதைத்தான்: பெட்டியைத் திறந்து ஆறு சிலைகளை மேசையில் எடுத்து வைக்க ஓர் ஆள். யாரும் அவளைத் தேசம் கட்டச் சொல்லவில்லை.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவருக்கும் விளங்கிவிட்டது. கராஜில் இத்தனை நாளும் இருந்த முகம் மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்துவதுபோல.

"வாரும், போவம்" என்றார் தாழ்ந்த குரலில். "அந்தச் சிலையளை நீர் வைச்சிட்டு வாரும். நான் வானுக்கை இருக்கிறன்."

"இஞ்சாருங்கோ, பிழை என்ரைதான். நான்தான் கேட்டு விளங்காமல்..."

"பறவாயில்லை."

அவர் வெளியே நடந்தார். இந்தப் 'பறவாயில்லை'யைத்தான் ஒன்றரை வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன நடந்ததென்று மிஸிஸ் டொனலி கேட்க, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தங்கள் ஊர்க் குடிலைப் பற்றியும், தன் அவசர வாயைப் பற்றியும், வானில் இருக்கும் எகிப்தைப் பற்றியும் சொன்னாள்.

"எகிப்தா?" என்றா அந்த அம்மா. கையிலிருந்த பூக்கத்தரிக்கோலை உட்காரும் வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வெளியே வந்தா.

வானின் பின்கதவு திறந்திருந்தது. கிளெமென்ட் முன் சீற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். சோதிலிங்கம் செய்வதறியாமல் நின்றான். மிஸிஸ் டொனலி உள்ளே எட்டிப் பார்த்தா. வறுத்த ரவை வாசம் குப்பென்று அடித்தது. அடித்துண்டின் சரிவில் அந்த அம்மா மெல்லக் கைவைத்தா. கை அங்கேயே நின்றது.

"என் அண்ணன் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனபோது அவர்களுடைய முகாம் எகிப்தில், இந்தப் பிரமிட்டுக்குக் கிட்டத்தான். ஒரு விடுமுறை நாளில் இதன் உச்சிவரை ஏறினேன் என்று எழுதியிருந்தான். பிறகு அங்கேயே, பாலைவனத்திலேயே, அவனை அடக்கம் செய்துவிட்டார்கள். நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை." முன் சீற்றின் பக்கம் திரும்பிச் சற்று உரத்துக் கேட்டா: "இவ்வளவு செங்குத்தாகவா இருக்கும்? இதன் மேலா ஏறினான்?"

விக்ரோறியா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வானின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இதே சரிவுதான்" என்றார் அவர் ஆங்கிலத்தில். "அளந்து செய்தது. ஆனால் இந்த வழவழப்பு அப்போது இருந்திருக்காது. மேலே போர்த்தியிருந்த வெள்ளைக் கல்லைப் பிற்காலத்தார் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருந்த கல்வரிசை படிபோல வெளியே தெரியும். உங்கள் அண்ணன் அதில் கால்வைத்துத்தான் ஏறியிருப்பார். ஒவ்வொரு படியும் இடுப்பளவு."

"அவனுக்கு நீளக் கால்" என்றா அந்த அம்மா.

பிறகு விறுவிறென்று கோயிலுக்குள் திரும்பிப் போனா. உள்ளே தண்ணீர் சிந்தும் சத்தமும் சாடிகள் இழுபடும் சத்தமும் கேட்டன. விக்ரோறியா ஓடிப்போய்ப் பார்த்தாள். வலப்பக்கத்துச் சூசையப்பர் பீடத்தில், காலையில் இருந்து ஒவ்வொரு தண்டாக வெட்டிச் சோடித்திருந்த லில்லிப் பூவும் நீலப் பந்துப் பூவும் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. நத்தாருக்கு அந்தப் பீடத்தைச் சோடிப்பது முப்பது வருடமாக மிஸிஸ் டொனலியின் உரிமை என்று பங்கில் எல்லோருக்கும் தெரியும்.

"ஐயோ, வேண்டாம். அவ்வளவு அழகாக வைத்ததை..."

"பூவை எங்கேயும் வைக்கலாம். பிரமிட்டை எங்கேயும் வைக்க முடியுமா?" என்றா அந்த அம்மா. "சூசையப்பர் கோபிக்க மாட்டார். எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவர்தானே. ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், இந்தச் சாடியைப் பிடியுங்கள்."

பிரமிட் உள்ளே வந்தது. சோதிலிங்கம் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, இது கழற்றத் தேவையில்லாத கோயில் என்று விக்ரோறியா சொல்லியும் கேளாமல், வெறுங்காலோடு அடித்துண்டைத் தூக்கிவந்தான். வடக்கு எந்தப் பக்கம் என்று கிளெமென்ட் கேட்டார். பிரமிட்டின் நாலு முகமும் நாலு திசையைப் பார்க்கவேண்டும். பீடமோ கொஞ்சம் கோணலாக இருந்தது. பிரமிட்டையா பீடத்தையா திருப்புவது என்று இரண்டு ஆண்களும் வாதாடிக்கொண்டிருக்கையில் சுவாமியார் வந்து சேர்ந்தார். பிரமிட்டைப் பார்த்தார், மனைவியையும் கணவரையும் பார்த்தார், அந்தச் சின்ன மேசையைப் பார்த்தார். பிறகு விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசையைத் தூக்கிப் பூசைப்பொருள் அறைக்குள் கொண்டுபோய் ஒளித்துவிட்டு வந்தார். "என்ன நல்ல மணம் அடிக்கிறது இங்கே?" என்று மட்டும் கேட்டார்.

சாண் உயரச் சிலைகள் பிரமிட்டின் அடியில் சரியாகப் பொருந்தின. மாதா பாலனோடு நிழல் பக்கத்தில் இருந்தா. காது உடைந்த கழுதை உடைந்த பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றது.

"இவ்வளவு பாரமான கல்லை எப்படி மேலே கொண்டுபோனார்கள்?" என்று மிஸிஸ் டொனலி கேட்டா.

"மண்ணால் சரிவுப் பாதை போட்டு, சறுக்குப் பலகையில் இழுத்திருப்பார்கள் என்கிறார்கள். சறுக்குக்கு முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார். அப்படி ஒரு பழைய சித்திரம் இருக்கிறது. ஈர மணலில் இழுப்பது சுலபம்." கிளெமென்ட் பீட விளிம்பில் ஒரு கையைச் சரிவாக வைத்துக் காட்டினார். அதற்குள் பூ வைக்க வந்திருந்த வேறு இரண்டு பெண்களும் கிட்ட வந்தார்கள். "எங்கள் ஊரில் ஒரு குளம் இருக்கிறது. அதுவும் மிகப் பழையது. அதன் அணையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு இது இன்னும் விளங்கும்..."

விக்ரோறியா கடைசி வாங்குக்குப் போய் முழங்காலில் நின்றாள். வழமையாகக் கேட்பதைக் கேட்க வாயெடுத்தாள். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. சும்மா நின்றாள். முன்னால், சூசையப்பர் பீடத்தடியில், அவளுடைய கணவர் குளக்கட்டின் கதையைத் தொடங்கியிருந்தார். அது நீளமான கதை. நடுவில் நிறுத்தி, "சோதி, ஒட்டகத்தைச் சரிவிலை ஏத்தாதை, இறக்கு" என்று கோயிலென்றும் பாராமல் ஒரு அதட்டல் போட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.